புகைக்குழாயில் படிந்த வெள்ளை

இந்த மலையில் என் வயதை ஒட்டியவர்களுக்காக எழுதுகிறேன். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் தூங்கி, காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்களுக்கு. சின்னவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அந்தக் காலத்துல அப்படித்தான் பாட்டி" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் ஆட்கள் தப்பித்துக்கொள்வார்கள். அந்த ஆட்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

எங்கள் லைன் கிளியூர் போகிற வழியில், சரிவில் இருந்தது. அப்பாவுக்குக் களத்தில் வேலை. கழுவிய காப்பிக்கொட்டையைச் சிமெண்ட் களத்தில் பரப்பி, வெயில் இருக்கிறவரை மரப்பலகையால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா பழம் பறிக்கப் போவாள். அக்கா பதினோராம் வகுப்பு. அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் அதுதான். எங்கள் லைனில் அதுவரை படித்த முதல் பெண் அவள். நான் ஐந்தாவது படித்தேன். தம்பி எனக்கும் சின்னவன், மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

காலாண்டுப் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் அக்காவுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். உலகத்து விஞ்ஞானிகள் பற்றியது. பச்சை அட்டை. பிரித்தால் பசை வாசனை அடிக்கும். எங்கள் வீட்டில் பள்ளிப் புத்தகம் தவிர இருந்த ஒரே புத்தகம் அது. அதை ஒரு துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள்.

அந்தப் புத்தகத்தில் பலர் இருந்தார்கள். அக்காவுக்குப் பிடித்தது ஒரே ஒருவர். ஒரு ஜெர்மன்காரர். பெயர் அவள் வாயிலேயே சரியாக நுழையவில்லை. நாங்கள் 'ஜெர்மன் மாமா' என்று வைத்துக்கொண்டோம். சனி ஞாயிறுகளில் நாங்களும் பழம் பறிக்கப் போவோம். அப்போது அக்கா அவருடைய கதையைச் சொல்லுவாள். கதை கேட்கிறவரை தம்பி பச்சைக்காயைப் பிய்த்துப் போடாமல் பழமாகப் பார்த்துப் பறிப்பான் என்பதால் அம்மாவும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

"மருந்துக்கடையில வேல பாக்குற சின்னப் பையனா இருக்கறப்பவே ஒரு செடியோட சாறு அவரு கண்ணுல தெறிச்சுருச்சு. கண்ணு கருமணி அப்படியே விரிஞ்சுபோச்சாம். பெரியவனானதும் அதே சாறைப் பூனைக் கண்ணுல ஒரு சொட்டு விட்டுப் பாத்தாரு."

"பூன செத்துப்போச்சா?" என்றான் தம்பி.

"சாவலடா. அந்த ஊர்ல பெரிய கவிஞர் ஒருத்தரு. அவர்கிட்ட பூனையத் தூக்கிட்டுப் போயிக் காட்டினாரு."

"பூன பொறாண்டலயா?"

"அது எனக்குத் தெரியாது. கவிஞருக்கு நொம்ப சந்தோசம். ஒரு டப்பா காப்பிக்கொட்டையக் கையில குடுத்து, இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாருன்னு சொல்லிட்டாரு."

பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அத்தை கூடையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "காப்பிக்கொட்டைக்குள்ள என்னடி இருக்கும்? நம்ம இடுப்புவலிதான் இருக்கும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "வெள்ளையா ஊசி ஊசியா ஒண்ணு இருந்துச்சுங்கத்தை. அதுதான் நம்மளத் தூங்கவிடாம வெக்குது. அதப் பிரிச்சு எடுத்த மொத ஆளு அவருதான்."

நாங்கள் நாள் முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டிருந்த பழத்துக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. துரைக்குத் தெரிந்திருக்கலாம். கணக்கெழுதுகிற ரைட்டருக்குத் தெரிந்திருக்காது. நான் ஒரு பழத்தைப் பிதுக்கி, வழுவழுப்பான கொட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இனிப்புச் சாறு மட்டும் முழங்கைவரை வழிந்தது.

இன்னொரு நாள், லைனில் எல்லோரும் போடுகிற சிவப்பு சோப்பின் நெடி கூட அவர் கண்டுபிடித்த ஒரு பொருளுடையதுதான் என்றாள். நிலக்கரித் தாரிலிருந்து அதை எடுத்தாராம். அதே தாரிலிருந்து சாயம் வரும் என்றும் காட்டினாராம். மை ஒற்றுகிற தாளில் மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது தானாகப் பூ மாதிரி விரிந்து வளையம் வளையமாக நிறம் பிரிவதை வைத்துப் படமே போட்டாராம். அக்காவும் ஒற்றுத்தாளில் மைச்சொட்டு விட்டாள். நடுவில் கருநீலம், சுற்றிலும் வெளிறிய ஊதா, ஓரத்தில் ஒரு மெல்லிய மஞ்சள். தம்பி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வியர்வையில் ஊறிக் கிழியும்வரை எல்லோரிடமும் காட்டினான்.

"கடைசியில அவரு என்ன ஆனாரு?" என்று அவன் கேட்டதற்கு, "ராசா கூப்புட்டு அரண்மனை குடுத்தாரு, குதிரை வண்டி குடுத்தாரு" என்றாள்.

அது பொய். போன மாதம் என் பேரன், காப்பியிலிருந்து அந்த வெள்ளையை முதலில் பிரித்தவர் யார் என்று தன் போனில் தேடி, அவருடைய வாழ்க்கையைப் படித்துக்காட்டினான். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் அந்தச் சாயத்தின் அருமை மேலே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒண்டிக்கட்டையாக, ஏழையாகத்தான் செத்தார். சாயத்தில் பணம் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். இதெல்லாம் அந்தப் பச்சைப் புத்தகத்திலும் இருந்திருக்கும். எங்களுக்கு வேண்டாம் என்று அக்கா விட்டிருக்கிறாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது.

ஒண்டிக்கடை என்கிற முக்கில் ஒரு காப்பித்தூள் கடை இருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கடைக்காரரும் அவர் மகனும்தான் வேலை. இரும்பு உருளைக்குள் கொட்டையைப் போட்டு, அடியில் விறகைக் கொளுத்தி, கையால் சுற்றி வறுப்பார்கள். புகை போக மேலே ஒரு தகரக் குழாய். மட்டத் தூளும் சிக்கரியும் கலந்து வாங்க அக்காதான் போவாள். கூட நானும். நாங்கள் பறிக்கிற காப்பியை நாங்கள் குடித்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

ஒரு நாள் அந்த மகன் குழாயைக் கழற்றித் தெருவில் தட்டிக்கொண்டிருந்தான். கரியோடு கரியாக உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ படிந்திருந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, அது என்னங்க?"

"எப்பவும் படியறதுதான். நொம்பக் கசக்கும்" என்றான் அவன்.

அக்கா கடைக்காரரிடம் போய் அதைத் தரச்சொல்லிக் கேட்டாள். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "குழாய் அழுக்க யாராச்சும் கேட்டு வாங்குவாங்களா சாமி? இந்தா, அள்ளிக்க. அப்படியே கடையவும் கூட்டி விட்டுட்டுப் போ."

அதற்குப் பிறகு குழாய் தட்டும்போதெல்லாம் அவர் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருப்பார். அக்கா அதைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து, ஒற்றுத்தாளைப் புனலில் மடித்து வைத்து வடிகட்டி, தட்டில் ஆறவிடுவாள். முதலில் பழுப்பாக வந்தது. மறுபடி கரைத்தாள், மறுபடி வடித்தாள். பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை, லைனுக்குப் பின்னால் இருந்த துவைக்கிற கல்லின் மேல் தட்டை வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். பனி இன்னும் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தது. தட்டில் பட்டுநூலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டதுபோல வெள்ளை ஊசிகள். எங்கள் இருவரையும் மூச்சுவிடக் கூட விடவில்லை. பறந்துவிடுமாம்.

அதை ஒரு ஊசிமருந்துப் புட்டியில் போட்டு ரப்பர் மூடியால் அடைத்தாள். சயின்ஸ் வாத்தியார் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார். வந்ததும் காட்ட வேண்டும். அதுவரை தம்பி சர்க்கரை என்று எடுத்துத் தின்றுவிடாமல் இருக்கப் பரணில், பானைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கப் பானைகளை இறக்கிய அம்மா கையில் புட்டி கிடைத்தது.

வயசுக்கு வந்த பெண். ஒளித்து வைத்த புட்டி. உள்ளே வெள்ளைத் தூள். இதைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றும். அதற்கு முந்தின வருடம் மேல் லைனில் ஒரு பெண் காப்பிச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குடித்துச் செத்திருந்தாள். காதல் விவகாரம். அவள் அம்மா இன்னும் தலை சீவாமல் அலைந்துகொண்டிருந்தாள். அதனால் எங்கள் அம்மா பயந்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். பயந்ததற்குப் பிறகு செய்ததைத்தான் சொல்கிறேன்.

"என்னடி இது?"

"காப்பியிலிருந்து எடுத்ததும்மா."

"காப்பி கருப்பு. இது வெள்ள. என்னையக் கேணச்சின்னு நெனச்சிக்கிட்டயா?"

அம்மா போட்ட சத்தத்தில் லைனே வாசலில் கூடிவிட்டது. எங்களை வேலை வாங்குகிற கங்காணி வந்தார். எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டரும் வந்தார். அவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூடியைத் திறக்காமலே, "எலிப் பாஷாணம் இப்படித்தான் இருக்கும்" என்றார். காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுக்கிற ஆள். அவர் சொன்னது தீர்ப்பாகிவிட்டது.

கங்காணி அன்பாகத்தான் கேட்டார். "யாரு கண்ணு அவன்? சொல்லிரு. பேசி முடிச்சரலாம்."

"யாருமே இல்லீங்க. செர்மனியில ஒருத்தரு கண்டுபுடிச்சது..."

"செர்மனியா? அது எந்த எஸ்டேட்டு?" என்றார் கங்காணி. யாரோ சிரித்தார்கள்.

அடுத்த வீட்டு அத்தைக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "இவ வாராவாரம் ஒண்டிக்கடையில அந்தக் காப்பித்தூள்காரன் கடையிலல்ல நிக்கறா? அவனுக்கு ஒரு வளந்த பையன் இருக்கறானே!"

அப்பா முகம் மாறிவிட்டது. கடைக்காரர் சாதி வேறு. அக்கா இதைப் பார்த்தாள். சட்டென்று அம்மா கையிலிருந்து புட்டியைப் பிடுங்கினாள்.

"வெசமா இருந்தா நான் செத்துருவேனில்ல? பாருங்க." உள்ளங்கையில் கொட்டி நக்கிவிட்டாள்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கசப்பில் முகம் கோணியது. "பாத்தீங்களா? ஒண்ணும் ஆவல" என்றாள். சோறு வடிக்கிற நேரம் போயிருக்கும். அப்புறம் அவள் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. கழுத்தில் நரம்பு துடிப்பது எனக்கே தெரிந்தது. வியர்த்துக் கொட்டியது. ஓங்கரித்தாள். கழுநீர் மாதிரிக் காப்பி குடித்து வளர்ந்த உடம்பு, ஒரே வாயில் எத்தனையோ டம்ளர் காப்பியின் சாரம் போனால் வேறு என்ன செய்யும்? அந்தக் கூட்டத்தில் இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

"சாணியக் கரைச்சுக் கொண்டாங்கடி!"

இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா மூக்கைப் பிடித்தாள். அக்கா கத்தினாள். "இது அதுதாம்மா! நெஞ்சு இப்படித்தான் அடிக்கும், பொஸ்தகத்துல போட்டிருக்குது! பொஸ்தகத்தப் பாரும்மா!" வாய் திறந்ததுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஊற்றினார்கள். அவள் வாந்தி எடுக்க எடுக்க மறுபடி ஊற்றினார்கள். அன்றைக்கு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. விஷம் இன்னும் உள்ளே நிற்கிறது என்றார்கள். மிச்சத்தைக் கம்பவுண்டர் ஓடையில் கொட்டச்சொல்லிவிட்டார்.

மறுநாள் அப்பா ஒண்டிக்கடைக்குப் போனார். பை தூக்க நானும் போனேன். கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அப்பா கும்பிட்டுவிட்டுக் கேட்டார். "ஏனுங்க, எம்பொண்ணுக்கு நீங்க இங்கிருந்து ஏதாச்சும் வெள்ளையாக் குடுத்தீங்களாங்க?"

கடைக்காரர் ஒரு கணம் மகனைப் பார்த்தார். மகன் உருளையைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கொட்டை தீய்ந்துபோகிற வாடை வந்தது.

"என் கடையில தூளு விக்கறனுங்க. வெள்ளையா என்ன குடுப்பேன்? உங்க புள்ளையக் கண்டிச்சு வையுங்க. எங்கூட்டுப் பையன் பேர இதுல இழுக்காதீங்க" என்றார்.

அவருக்கு நேர்மேலே குழாய் இருந்தது. தலையைத் தூக்கியிருந்தால் அப்பாவே பார்த்திருக்கலாம். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அந்த வாரமே வாழவந்தி என்கிற ஊரில் அப்பாவின் தூரத்துச் சொந்தத்தில் மாப்பிள்ளை பேசினார்கள். மாசியில் கல்யாணம். பரீட்சை பங்குனியில். சயின்ஸ் வாத்தியார் மஞ்சள்காமாலை என்று ஊரிலிருந்து திரும்பவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் சரிவில் இறங்கி வந்தார். அவர் சரித்திரம் நடத்துகிறவர்.

"எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாதுங்க. ஆனா இந்தப் பொண்ணு பொய் சொல்லாது. ஒரு மாசம் தள்ளி வையுங்க. பரீட்சை எழுதட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

அப்பா கையைக் கட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர். ஒரு மாசத்துல அவ மறுபடியும் எதையாச்சும் குடிச்சுட்டா, பொணத்த நாந்தானுங்க தூக்கோணும்."

அக்கா உள்ளே கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அதை நான் எழுத மாட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வெந்நீர் அடுப்பில் விறகு ஈரமாக இருந்தது. அப்பா பச்சைப் புத்தகத்தைக் கிழித்துக் கிழித்துப் போட்டுப் பற்றவைத்தார். அந்த வெந்நீரில்தான் அவளுக்குத் தலைக்கு ஊற்றினார்கள்.

ரொம்ப வருடம் கழித்து, அப்பா போன பிறகு, அம்மாவும் நானும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா தானாகச் சொன்னாள். "அது வெசமில்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு. நக்குன வாயிலிருந்து காப்பி வாசனதான் வந்துச்சு."

நான் கேட்டேன். "அப்பறம் ஏம்மா ஊத்துன?"

"வெசமில்லைன்னா, அப்ப எதுக்கு அந்தக் கடையில போயி நின்னான்னு கேப்பாங்க. வெசம்னா புள்ள ஏதோ கோவத்துல பண்ணிருச்சுன்னு போயிரும். அந்தப் பையம் பேரு வந்தா உங்கப்பன் அவளக் கொன்னே போட்டிருப்பாரு."

அம்மா முட்டாள் என்று நாற்பது வருடம் நினைத்திருந்தேன். அவள் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறாள். மகளின் உயிரைக் காப்பாற்றியதாகத்தான் கடைசிவரை நம்பினாள். எனக்கு இது முன்னதைவிட மோசமாகப் பட்டது. அப்படிப் பட்டதை அவளிடம் சொல்லியும் விட்டேன். அவள் மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா வாழவந்தியில்தான் இருக்கிறாள். மாமா நல்லவர், அடித்ததில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். ஆரஞ்சும் மிளகும் வைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இதைச் சொல்லித்தான் எல்லோரும் என் வாயை அடைப்பார்கள். "நல்லாத்தானே இருக்கறா?" நல்லாத்தான் இருக்கிறாள். எனக்கு ஆறவில்லை.

பேரன் படித்துக்காட்டியதற்கு மறுவாரம் பஸ் ஏறிப் போனேன். அக்கா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காலேஜில் இப்போது பிள்ளைகள் காப்பியிலிருந்து அதே வெள்ளையை எடுத்துப் பார்ப்பது ஒரு பாடம் என்றேன். நீ செய்தது சரி, வழியும் சரி, என் பேரனே சொன்னான் என்றேன். அந்தக் கம்பவுண்டர் இருந்தால் செருப்பால் அடிப்பேன் என்றும் சொன்னேன்.

அவள் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள். "சரின்னு எனக்குத் தெரியுமே சாமி" என்றாள். கையை நிறுத்தாமலே கேட்டாள். "அந்த வருசம் சயின்ஸ் பரீட்சையில என்ன கேட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அதைக் கேட்டுவந்து சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மலையில் பெரிய டீச்சர் குடையோடு நடந்த வருடங்களில், பள்ளிக்கூடத்து மேல் ஹாலில் உட்கார்ந்து அந்தப் பரீட்சையை எழுதியவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஒரு பெஞ்ச் காலியாக இருந்ததே, ஞாபகம் இருக்கலாம். என்ன கேட்டார்கள் என்று யாருக்காவது நினைவிருந்தால் சொல்லுங்கள். ஒரே ஒரு கேள்வியாக இருந்தாலும் போதும். நான் பஸ் ஏறிப் போய் அவளிடம் கேட்கிறேன்.

அவளுக்குப் பதில் தெரியும்.